ஸ்ட்ரைப்டு பாஸ் போட்டிகள்: விட்ட மீனுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் மீனுக்காக நடைபெறும் தூண்டில் போட்டிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பரிசுத்தொகை, விடியற்காலையில் புறப்படும் படகுகள், வென்றவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த மீன் என எல்லாமே அதில் இருந்தன; அந்த மீனினம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும் இல்லை. பிடித்த மீன்களை எல்லாம் உயிரோடு கடலில் விட்டுவிட்டார்கள், எனவே மீன்வளத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அந்த 'எனவே' சரியல்ல என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் நியூ ஜெர்சியில் கரையில் நின்று தூண்டில் போடுகிறவன். போட்டிகளே கூடாது என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன்.

முதலில் மீனின் நிலை. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறும் இனம் இது. அட்லாண்டிக் கரையோரம் திரியும் ஸ்ட்ரைப்டு பாஸ்களில் பெரும்பகுதி செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில் பிறந்தவை. ஹட்சன், டெலவேர் ஆறுகள் அதற்கு அடுத்தபடி. 1970களின் இறுதியில் இந்த இனம் சரிந்து, 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. மேரிலாண்டு மாநிலம் 1985 முதல் ஐந்தாண்டுகள் இம்மீனைப் பிடிப்பதையே தடை செய்தது. அந்தக் கட்டுப்பாட்டின் பயனாக 1995இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மீன்வளத் துறையினர் நெடுங்காலம் பெருமையோடு சுட்டிக்காட்டி வந்த மீட்பு அது. ஆனால் 2019இல் வெளியான மதிப்பீடு, இனம் மறுபடியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டது. 2029க்குள் அதை மீட்டாக வேண்டும் என்பது அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் தனக்கே விதித்துக்கொண்ட கெடு.

கெடு நெருங்குகிறது, குஞ்சுகள்தாம் வரவில்லை. மேரிலாண்டில் 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் கரையோரம் இழுவலை போட்டு அவ்வாண்டுக் குஞ்சுகளை எண்ணி, ஓர் இழுப்புக்குச் சராசரியாக எத்தனை என்று ஒரு குறியீடு வெளியிடுகிறார்கள். அதன் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 11. 2023இல் அது 1.0, 2024இல் 2.0, 2025இல் 4.0. 2019 முதல் ஓர் ஆண்டுகூடச் சராசரியை எட்டவில்லை. வெதுவெதுப்பான குளிர்காலமும் வசந்தத்தில் ஆறுகளில் நீர்வரத்துக் குறைவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன; அவை தூண்டில்காரன் கையில் இல்லை. இன்று கடலில் உள்ள தாய்மீன்களைக் காப்பாற்றி வைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

இந்த இனத்தில் மீன்பிடிப்பால் இறப்பவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களே பொறுப்பு என்பதும், அதில் பாதியளவு நாம் 'விட்டுவிட்ட' மீன்கள் என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கும். விடப்படும் மீன்களில் 9 விழுக்காடு பின்னர் இறந்துவிடுவதாக ஆணையம் தன் கணக்குகளில் கொள்கிறது. 2017இல் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் மீன்கள் பிடித்து விடப்பட்டன என்பது மதிப்பீடு. அவற்றுள் இறந்தவை சுமார் 34 லட்சம். அவ்வாண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்ட மீன்கள் அதைவிடக் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு போட்டியில் 200 பேர் கலந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த மீனை எடைபோடக் கொண்டுவரும் பழைய முறையில், நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு மீன் என்ற சட்ட வரம்பு இருப்பதால், எல்லோருமே வெற்றி பெற்றாலும் 200 மீன்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வழியில்லை. 'பிடித்து விடு' போட்டியிலோ வரம்பே கிடையாது. அதே 200 பேர் ஆளுக்குப் பதினைந்து மீன் பிடித்து விட்டால் மொத்தம் 3,000; அதில் 9 விழுக்காடு என்றால் 270. எடைபோடும் போட்டியிலும் சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைத் தேடுகிறவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு மதிப்பெண் கொடுக்கும் விதி 'பிடித்து விடு' போட்டிக்கே உரியது. யாரும் ஒரு மீனையும் கொல்லவில்லை என்ற நிறைவோடு எல்லோரும் வீடு திரும்பும் ஒரு நாளில், கொன்று எடைபோடும் போட்டியைவிட அதிக மீன்கள் செத்திருக்கலாம். அவை கண்ணில் படாத இடத்தில் சாகின்றன என்பதுதான் வேறுபாடு.

9 என்பது சராசரிதான். வாயோரத்தில் முள் மாட்டி, குளிர்ந்த உப்புநீரில், நொடிகளில் விடப்பட்ட மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெப்பமான, உப்புக் குறைந்த நீரில், முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்ட மீனின் கதை வேறு. இயற்கை இரையோடு தூண்டில் போடுபவர்கள், தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும் வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டும் என்று 2021 முதல் விதித்திருப்பதும், மேரிலாண்டு அண்மை ஆண்டுகளில் ஜூலை பிற்பாதியில் மீன்பிடிப்பை மூடி வைத்ததும் இதனால்தான். போட்டி என்று வந்தவுடன் இந்த நல்ல சூழல்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவுவதை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். சும்மா மீன் பிடிப்பவர் மீனை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுவார். போட்டியாளருக்கு அது போதாது. அவருக்குச் சான்று வேண்டும். மீனைத் தூக்கிவந்து அளவுப்பலகையில் கிடத்துகிறார். மூக்கு பலகையின் முனையைத் தொட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், அன்றைய போட்டி எண் பொறித்த வில்லை படத்தில் தெரிய வேண்டும். மீன் துள்ளுகிறது, வில்லை மணலில் விழுகிறது, ஈரக் கைக்குத் தொலைபேசியின் பூட்டுத் திறக்க மறுக்கிறது. வாலை இரு விரலால் சேர்த்துப் பிடித்தால் கால் அங்குலம் கூடும் என்பதால் இன்னொரு படம். அதுவரை செவுள் திறந்து திறந்து மூடுகிறது. நூறு மீட்டர் ஓடிய பிறகு நம் முகத்தில் துணியைப் பொத்திவிட்டுப் புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி.

பெரிய மீனுக்கே பரிசு என்ற வழக்கம் இதைவிட ஆழமான சிக்கல். இந்த இனத்தில் மிகப் பெரியவை அனைத்தும் அநேகமாகப் பெண்மீன்கள். ஆறு வயதுப் பெண்மீன் ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் முட்டை இடும். பதினைந்து வயதானது முப்பது லட்சம் வரை. கடற்பகுதியில் 28 முதல் 31 அங்குலம் வரை உள்ள மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற இன்றைய விதியின் நோக்கமே, அந்த அளவைத் தாண்டிய தாய்மீன்கள் தப்ப வேண்டும் என்பதுதான். 2015இல் பிறந்த நல்ல தலைமுறை 2022இல் அப்போதைய 35 அங்குல வரம்புக்குள் வந்து சேர்ந்தபோது அவ்வாண்டுப் பிடிப்பு முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ இருமடங்கானது. அதைக் கண்டு அஞ்சித்தான் 2023இல் அவசர நடவடிக்கையாக மேல்வரம்பை 31க்கு இறக்கினார்கள். சட்டம் ஒதுங்கிப் போ என்கிற அதே மீனைத் தேடிப் பிடித்து நீளம் அளந்து வருகிறவருக்குப் போட்டி பணம் தருகிறது. வசந்த காலத்தில், ஹட்சனுக்கு ஏறுமுன் ரேரிட்டன் விரிகுடாவில் மென்ஹேடன் என்ற இரைமீன் கூட்டங்களைத் துரத்தித் தின்னும் சினைமீன்களின் மேல் போட்டிப் படகுகள் குவிவது சட்டமீறல் ஆகாது. ஆனாலும் அதை விளையாட்டு என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

நேர்மையைப் பற்றியும் கட்டுரை ஒரு சொல் சொல்லவில்லை. பரிசுத்தொகை ஏற ஏற, மீனின் மேல் நம்பிக்கை குறைந்து மனிதர்கள் மேல் சந்தேகம் கூடுவது இயல்பு. 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் 'வால்ஐ' (walleye) என்ற மீனுக்காக நடந்த போட்டி ஒன்றில், வென்றதாக அறிவிக்கப்பட இருந்த மீன்களின் வயிற்றை நடத்துநர் எல்லோர் முன்னிலையிலும் கீறியபோது ஈயக் குண்டுகள் உருண்டு விழுந்தன. அவற்றைக் கொண்டுவந்த இருவரும் மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அது நன்னீர் மீன், வேறு இனம். ஸ்ட்ரைப்டு பாஸிலும் வயிற்றில் ஈயம் கண்டெடுக்கப்பட்டதுண்டு. ஆனால் அங்கே பிடித்தவர் குற்றமற்றவராகவும் இருக்கலாம், ஏனெனில் செத்த மென்ஹேடனுக்குள் ஈயத்தைத் திணித்து ஆழத்தில் இறக்கும் ஒரு முறை வழக்கில் இருந்தது, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போகும் மீன் அந்த ஈயத்தையும் விழுங்கிச் சென்றுவிடும். எடைமேடையில் நிற்கும் நடுவருக்கு இதை எப்படிப் பிரித்தறிவது? படம் எடுத்து அனுப்பும் போட்டிகளில் ஈயத்துக்கு வேலையில்லை, ஆனால் வால்நுனியைப் பிடிக்கும் விரலுக்கு வேலை இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு ஒன்று உண்டு, அதற்கு ஏமாற்று எதுவும் தேவையில்லை. கரையில் நிற்பவனும், மீனை ஒலியலையால் காட்டும் பக்கவாட்டு சோனாரும் உயிர் இரைத் தொட்டியும் வாடகைக் கேப்டனும் கொண்ட படகுக்காரரும் ஒரே பட்டியலில் போட்டியிடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நல்ல போட்டிகள் கரைக்கும் படகுக்கும் கயாக்குக்கும் தனித்தனிப் பிரிவு வைத்துவிட்டன. அதுபோக, வணிக மீனவரின் குறையும் நியாயமானதே. அவர் விற்கும் ஒவ்வொரு மீனிலும் அடையாளப் பட்டை கட்டியாக வேண்டும், அவருடைய மாநிலத்துக்கு ஆண்டு ஒதுக்கீடு உண்டு, அது முடிந்தால் தொழில் நின்றுவிடும். மாசசூசெட்ஸில் அவர் 35 அங்குலத்துக்கு மேற்பட்டதை மட்டுமே விற்கலாம் என்ற விதி தாய்மீன்களைத்தான் குறிவைக்கிறது என்று நாம் அவரைக் குறை சொல்கிறோம். போட்டியில் நாம் கையாண்டு விட்ட மீன்கள் எத்தனை என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் ஒரு தாளும் இல்லை.

போட்டிகளை நிறுத்திவிட்டால் இனம் மீண்டுவிடும் என்று நான் கூறவில்லை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் பிடித்து விடப்படும் மீன்களில் போட்டிகளின் பங்கு சிறியதாகவே இருக்க வேண்டும். வாடகைப் படகோட்டிகளுக்கும் இரைக் கடைகளுக்கும் போட்டி நாள்களின் வருமானம் அவசியம் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் எது பெருமை என்பதை மற்றத் தூண்டில்காரர்களுக்குக் காட்டும் இடம் போட்டி மேடைதான். மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் 1946 முதல் நடக்கும் புகழ்பெற்ற போட்டி, தன் பெயரிலேயே ஸ்ட்ரைப்டு பாஸைக் கொண்டிருந்தும், 1980களின் சரிவின்போது அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2020இல் மறுபடியும் எடுத்தது. புளூஃபிஷ், பொனிட்டோ போன்ற வேறு மீன்களை வைத்துப் போட்டி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எண்ணிக்கைக்குப் பரிசு தருவதை நிறுத்தி, ஒருவர் பதிவு செய்யும் மீன்களை இரண்டு அல்லது மூன்றோடு முடித்து, அதற்குப் பின் அவர் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்ட வேண்டும் என்று விதித்தால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாக மாறும். முட்டையிடும் பருவத்தையும் கோடை வெப்பத்தையும் தவிர்த்து, நீர் குளிர்ந்த அக்டோபர், நவம்பரில் நடத்தலாம். மீனை நீரைவிட்டு எடுக்காமல் பக்கத்தில் அளவுகோலை மிதக்கவிட்டு எடுத்த படத்தையும் ஏற்கலாம். அரை அங்குலத் துல்லியம் போனால் போகட்டும், குலுக்கலில் பரிசு கொடுத்தால் அந்தத் துல்லியமே தேவைப்படாது. எத்தனை மீன் பிடித்து விடப்பட்டது, நீரின் வெப்பநிலை என்ன, முள் எங்கே மாட்டியிருந்தது என்பவற்றை நடத்துநர்கள் பதிவுசெய்து மாநில மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கலாம். நுழைவுக் கட்டணம் வாங்கும்போது ஒரு படிவம் கொடுப்பது பெரிய செலவன்று.

அடுத்த முறை தங்கள் நாளிதழ் இப்போட்டிகளைப் பற்றி எழுதும்போது, வென்ற மீனின் நீளத்தோடு, போட்டியில் மொத்தம் எத்தனை மீன்கள் விடப்பட்டன என்பதையும் நடத்துநரிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். அந்த எண் அவரிடம் இல்லையென்றால், இல்லை என்பதையே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கரைத் தூண்டில்காரர் ஒருவர்,
நியூ ஜெர்சி