பட்டயக் கணக்காளரின் முதல் சம்பளம்: அறிவிக்கும் தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம், தேர்ச்சி பெற்றவர்களின் படங்களோடு, வளாக நேர்காணலில் யாரோ ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த ஆண்டுச் சம்பளமும் பெரிய எழுத்தில் அச்சாகிறது. அந்தச் செய்தி பொய்யல்ல. ஆனால் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் அதைப் படிக்கும் குடும்பங்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் முக்கால் பங்காவது முதல் மாதத்திலிருந்தே வந்துவிடும் என்று கணக்கிட்டு, அதை நம்பி வீட்டுக் கடனையும் தங்கையின் திருமணத்தையும் முன்கூட்டியே நிச்சயித்துவிடுகின்றன. வடசென்னையில் பல ஆண்டுகளாகத் தணிக்கை அலுவலகம் நடத்தி, பயிற்சி மாணவர்களை வேலைக்கு அனுப்பிவருபவன் என்ற முறையில், அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன, அதில் போனஸ் என்று எழுதப்படுவது எந்த நிபந்தனையின் பேரில் கைக்கு வரும் என்பதைத் தங்கள் வாசகர்களிடம் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பகுதிக்கு இந்தப் படிப்பு செய்திருக்கும் நன்மை கொஞ்சமல்ல. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ பி.காம். முடித்த பிள்ளை, பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர், ஆகிவிட முடியும். பணத்தைவிட இந்தப் படிப்பு அதிகம் கேட்பது காலத்தைத்தான். தேர்வுகளுக்கு இடையே ஆடிட்டர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் முன்பு மூன்று ஆண்டு. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு ஆண்டு. அந்தக் காலத்தில் கிடைக்கும் ஸ்டைபண்ட் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். உடன் படித்தவர்கள் வேலைக்குச் சென்று வீட்டுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கையில், ஒரே பாடத்தொகுதியை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் குடும்பம் பொறுமையாகத் தாங்குகிறது. அப்படித் தாங்கிய குடும்பம் முதல் சம்பளத்தை ஆவலோடு எதிர்பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த எதிர்பார்ப்புக்கு முன்னால் முழுக் கணக்கையும் வைக்காமல் மொத்தத் தொகையை மட்டும் காட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

ஆண்டுக்கு 10 லட்சம் என்று ஆஃபர் லெட்டர் வருவதாக எடுத்துக்கொள்வோம். இது சி.டி.சி., அதாவது அந்த ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. அதில் 1 லட்சம் வேரியபிள் பே, அதாவது செயல்திறனைப் பார்த்து ஆண்டிறுதியில் தரும் போனஸ் என்றும், 50,000 வேலையில் சேரும்போது ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸ் என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சுவது 8.5 லட்சம். அடிப்படைச் சம்பளம் 4.2 லட்சமானால், நிறுவனத்தின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குச் செல்லும் 12 சதவீதம் 50,400 ரூபாய். வேலையை விட்டுச் செல்லும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் 4.81 சதவீதம் ஏறத்தாழ 20,200. குழுக் காப்பீட்டுப் பிரீமியம் 9,400 என்று கொண்டால், இந்த மூன்றும் சேர்ந்து 80,000 ரூபாயை எடுத்துக்கொள்கின்றன. மீதமுள்ள 7.7 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 64,167. அதிலிருந்து ஊழியரின் பங்கான வைப்பு நிதி 4,200 ரூபாயும் தொழில்வரியும் போனபின் வங்கிக் கணக்கில் விழுவது 60,000-க்குச் சற்றுக் குறைவு. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வருமானவரி இல்லாததால் வரிப்பிடித்தமும் இல்லாத நிலையில்தான் இந்தத் தொகை. ஆனால் 10 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்த தந்தையின் மனத்தில் பதிந்திருப்பது 83,333 ரூபாய். சில நிறுவனங்கள் வைப்பு நிதியை 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி மாதம் 1,800 என்று பிடிப்பதால் கையில் வருவது சற்றுக் கூடலாம். அப்படியும் அந்த இடைவெளி மறைந்துவிடாது. கிராஜுவிட்டியையும் இங்கே கவனிக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டுப் பணி நிறைந்தால்தான் அது உரிமையாகிறது. முதல் வேலையில் ஐந்தாண்டு நீடிக்கும் இளம் சி.ஏ. அரிதாக இருக்கும்போது, பெரும்பாலோர் கையில் ஒருநாளும் வராத ஒரு தொகை அவர்களுடைய சம்பளமாக எண்ணப்படுகிறது.

போனஸைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் வடசென்னையில் போனஸ் என்பது குடும்பங்களின் அனுபவத்தில் ஊறிய ஒன்று. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவின் தலைமையிலும் திரு.வி.க. போன்றோரின் துணையுடனும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பெரம்பூர் இங்கேதான் இருக்கிறது. கூலியும் போனஸும் பேசிப் பெறவேண்டிய உரிமைகள் என்பதை அடுத்தடுத்த தலைமுறைகள் தொழிற்சங்கங்களின் வாயிலாகக் கற்றுக்கொண்டன. 1965-ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம் அதற்கு உறுதியான வடிவம் தந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தது ஊதியத்தில் 8.33 சதவீதம், அதாவது ஆண்டு ஊதியத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதிகபட்சம் 20 சதவீதம். 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்த பிறகும் இந்த இரு அளவுகளும் மாறவில்லை. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் வழங்க வேண்டும் என்பதால், மார்ச்சில் ஆண்டு முடிக்கும் நிறுவனங்களில் அது இயல்பாகத் தீபாவளியை ஒட்டி வந்து சேர்கிறது. எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தந்தைமாருக்கு, போனஸ் என்றால் எவ்வளவு என்று முன்பே தெரிந்த, தவறாமல் வருகிற பணம். அதை நம்பி எம்.சி. சாலையில் துணி எடுத்திருக்கிறார்கள், அதை நம்பி நகைச்சீட்டு கட்டியிருக்கிறார்கள்.

பிள்ளையின் ஆஃபர் லெட்டரில் இருக்கும் போனஸுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுபவர்களுக்கே சட்டப்படியான போனஸை உறுதிசெய்தது. புதிய சி.ஏ.வின் சம்பளம் அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு. நிறுவனத்தின் மற்ற ஊழியர்களுக்குச் சட்டப்படி எவ்வளவு போனஸ் வரும் என்று கணக்கிட்டுத் தரும் அந்த இளைஞர், தன்னுடைய போனஸுக்குத் தன் நியமனக் கடிதத்தின் வாசகங்களை மட்டுமே நம்பியிருக்கிறார். அவ்வாறெனில் அந்த வாசகங்கள் தெளிவாக இருக்க வேண்டும். நான் படித்துப் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை, ‘தனிநபர் செயல்திறனுக்கும் நிறுவனத்தின் செயல்திறனுக்கும் உட்பட்டு, நிர்வாகத்தின் முடிவின்படி’ என்ற பொருளில் ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. எந்தத் தரமதிப்பீட்டுக்கு எத்தனை சதவீதம்? நிதியாண்டின் பாதியில் சேர்ந்தவருக்குச் சேர்ந்த நாளிலிருந்து விகிதப்படி உண்டா, அல்லது அந்த ஆண்டு முழுவதுமே இல்லையா? வழங்கும் நாளில் ராஜினாமாக் கடிதம் கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு, முழு ஆண்டும் உழைத்திருந்தாலும், ஒன்றும் கிடைக்காதா? இந்தக் கேள்விகளுக்குக் கடிதத்தில் விடை இருப்பதில்லை. விடை கிடைக்கும்போது முதல் ஆண்டு முடிந்து, வீட்டில் அந்தப் பணத்துக்குச் செலவும் எழுதியாகிவிட்டிருக்கும்.

ஜாயினிங் போனஸ் இன்னும் கவனத்துக்குரியது. ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குள் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது பெரும்பாலும் வருகிறது. முதல் மாதத்திலேயே வந்துவிடுவதால் குடும்பம் அதை நிலையான வருமானமாகவே எண்ணிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் அது இராது என்பதும், அதனால் இரண்டாம் ஆண்டின் ஊதிய உயர்வு கணிசமாக இருந்தால்தான் மொத்த வருமானம் முதலாண்டின் அளவிலாவது நிற்கும் என்பதும் யார் கவனத்துக்கும் வருவதில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தொகையை நிபந்தனைக் காலம் முடியும்வரை தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு. வேலை ஒத்துவராத இடத்தில், திருப்பித் தரப் பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இளைஞர் தங்கியிருக்க நேர்வது கொடுமை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கும் வருகிறேன். வளாக நேர்காணலின் சராசரி அண்மை ஆண்டுகளில் பத்து லட்சத்தைத் தாண்டியிருப்பது உண்மை. ஆனால் அந்தச் சராசரியில் அங்கே வேலை கிடைத்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பதிவு செய்தும் அழைப்பே வராமல் திரும்பியவர்கள் இல்லை. அழைப்பு எப்படி வருகிறது என்பதும் தெரிந்ததே: எத்தனையாவது முயற்சியில் தேர்ச்சி, மதிப்பெண் எவ்வளவு, பள்ளியிறுதியில் எவ்வளவு, ஆர்ட்டிகிள்ஷிப் எந்த வகை அலுவலகத்தில் என்று பார்த்துத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பட்டியலைச் சுருக்குகின்றன. பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் சிறு அலுவலகங்களில் பயின்ற எங்கள் மாணவர்கள், ஜி.எஸ்.டி. அறிவிப்புக்குப் பதில் எழுதுவதையும், கடைக்காரரின் கலைந்து கிடக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி வருமானவரிப் படிவம் தாக்கல் செய்வதையும் யார் துணையுமின்றிச் செய்யக்கூடியவர்கள். பெரிய பெயரில்லாத அலுவலகம் என்ற ஒரே காரணத்தால் அந்தத் திறமை கணக்கில் வராமல் போவது எனக்கு நீண்டகால வருத்தம். இவர்களில் பலர் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் முகவர்களிடமும், மணலிப் பகுதியின் நடுத்தர நிறுவனங்களிலும், எங்களைப் போன்ற அலுவலகங்களிலும் சேர்கிறார்கள். நான் அறிந்தவரை அங்கே தொடக்கச் சம்பளம் வளாகச் சராசரியில் பாதியையும் எட்டுவதில்லை. அதைத் தோல்வி என்று எந்தக் குடும்பமும் எண்ணக் கூடாது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, பிறகு பேருந்து பிடித்துப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அன்றாடம் போய்வரும் செலவையும் நேரத்தையும், மும்பையிலோ பெங்களூரிலோ தங்குவதானால் வாடகையையும் உணவுச் செலவையும் கழித்துவிட்டு ஒப்பிட்டால், தாளில் தெரிந்த வேறுபாடு வெகுவாகக் குறையும். அதே சமயம், பக்கத்திலேயே வேலை தருகிறோம் என்பதைச் சாக்காக வைத்து, தகுதி பெற்ற ஒருவருக்கு அனுபவமுள்ள கணக்கருக்குக் கொடுக்கும் சம்பளத்தையே கொடுக்க முனையும் முதலாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் அளவுக்குத் தகுதி பெற்றவருக்கு அதற்கேற்ற ஊதியம் தரத்தான் வேண்டும்.

புதிதாகத் தேர்ச்சி பெற்ற தம்பி தங்கையருக்கு நான் சொல்வது, ஏற்றுக்கொள்வதற்கு முன் கேளுங்கள் என்பதுதான். மாதந்தோறும் வங்கியில் வரவு வைக்கப்படும் தொகை எவ்வளவு, வேரியபிள் பேயின் நிபந்தனைகள் என்ன, சென்ற ஆண்டு இதே நிலையில் சேர்ந்தவர்களுக்கு அதில் எத்தனை சதவீதம் உண்மையில் வழங்கப்பட்டது, ஜாயினிங் போனஸைத் திருப்பித் தரும் காலம் எவ்வளவு என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருப்பதை நான் அறிவேன். பிறருடைய கணக்கைக் கேள்வி கேட்பதற்காகவே உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், உங்கள் சம்பளக் கணக்கை நீங்கள் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொள்ளுமானால் அதை இப்போதே அறிவது நல்லது. பெற்றோர்கள், வேரியபிள் பேயைச் சேர்த்துக்கொண்டு எந்த மாதத் தவணையையும் முடிவுசெய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நுங்கம்பாக்கத்தில் அமைந்துள்ள பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவிடமும், அதன் வழியாகத் தலைமையிடமும் ஒரு கோரிக்கை. வளாக நேர்காணலுக்கு வரும் ஒவ்வொரு நிறுவனமும் சி.டி.சி.யோடு கூட, நிலையான மாதச் சம்பளம், வேரியபிள் பேயின் அளவும் நிபந்தனைகளும், முந்தைய ஆண்டில் அது வழங்கப்பட்ட சராசரி விகிதம், திருப்பித் தர வேண்டிய தொகைகள் ஆகியவற்றை ஒரே மாதிரியான படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்க வேண்டும். நேர்காணல் முடிந்தபின் வெளியிடும் புள்ளிவிவரங்களில் நிலையான சம்பளத்தின் சராசரியும், வேலை கிடைக்காதவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்திருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பங்கேற்கும் நிறுவனங்களிடம் பதிவின்போது வாங்கும் விவரங்களோடு இவற்றையும் சேர்த்து வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
பட்டயக் கணக்காளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.