அந்த 150,000 பவுண் யாருடைய சம்பளம்?

மலையகத்தில் சட்டப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் தனியார் கல்வி நிலையங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அட்டனிலிருந்து பண்டாரவளை வரை உங்கள் பதாதைகளைப் பார்க்கிறேன். லண்டனில் புதிய சட்டத்தரணிக்கு ஆண்டுக்கு 150,000 பவுண், நம் காசில் ஏறக்குறைய ஆறு கோடி என்கிறீர்கள். தொகை பொய்யில்லை. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

2024இல் லண்டனின் ஐந்து பெரிய சட்ட நிறுவனங்கள் ஆரம்பச் சம்பளத்தை அந்த அளவுக்கு உயர்த்தின. அங்கே கிளை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனங்கள் சில 180,000 வரை கொடுக்கின்றன. இவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பிள்ளைகளைத் தெரிவு செய்து, தாங்களே பயிற்சி கொடுத்து, அப்புறம்தான் அந்தச் சம்பளத்தில் அமர்த்துகிறார்கள். 150,000இல் வரியும் காப்புறுதியும் போனால் கையில் மிஞ்சுவது 91,000 அளவில். அதுவும் நல்ல காசுதான், சரி. ஆனால் குடும்ப வழக்கும் வாடகை வழக்கும் பார்க்கும் சிறிய அலுவலகங்களில் அந்த 150,000இல் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத சம்பளங்கள் ஏராளம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். புதிய சட்டத்தரணிகளின் சம்பளத்தை நால்ப் என்ற அமைப்பு வரைபடமாகப் போடுகிறது. அதில் இரண்டு மேடுகள். ஒன்று பெரிய நிறுவனங்களின் 225,000 டொலர் பக்கம், மற்றது 100,000க்கும் கீழே. சராசரி விழுவது இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில். அந்தச் சராசரியைச் சம்பளமாக வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் கையேடுகளில் சராசரி என்று ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பள்ளம்தான் ஞாபகத்துக்கு வரும்.

விசா விஷயம் இன்னும் மோசம். 2025 ஜூலை முதல் பிரித்தானிய வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுணாவது இருக்க வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. சிறிய அலுவலகம் அதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு அந்த வேலையும் இல்லை, விசாவும் இல்லை. பட்டம் மட்டும் பெற்றவர் அங்கே சட்டத்தரணியாக எஸ்.கியூ.இ. என்ற தகுதிப் பரீட்சையோடு இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். படித்து முடித்தவர்களுக்கான விசாவோ 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பெரும்பாலானோருக்கு 18 மாதம்தான். மீதி ஆறு மாதத்துக்கு என்ன வழி?

பரீட்சைக் கட்டணம் மட்டுமே 4,900 பவுண் அளவில், இருபது இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட வரும். தோட்டத்து நாட்சம்பளத்தை 1,750 ரூபா என்று தாராளமாக வைத்தாலும் ஓர் அம்மா ஆயிரம் முழு நாட்களுக்கு மேல் கொழுந்தெடுக்க வேண்டும். உங்கள் பாடநெறிக் கட்டணத்தை இதில் சேர்க்கவேயில்லை. நகையை அடகு வைப்பதும் ஓய்வுபெற்ற அப்பாவின் ஈ.பி.எப். காசு கரைவதும் இந்தப் பதாதைகளை நம்பித்தான்.

பிள்ளைகள் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லண்டன் எங்களுக்குப் புதிதுமல்ல. மலையகத் தமிழரின் வாக்குரிமை வழக்கே 1953இல் அங்கே, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சிலில்தான் தோற்றது. இங்கே சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தவருக்கு அந்த இரண்டு ஆண்டு அனுபவம் தேவையில்லை, எஸ்.கியூ.இ. மட்டும் போதும் என்பதையும் மேடையில் சொல்லுங்கள். அதற்கும் கொழும்பில் அறை வாடகை, பெரும்பாலும் சம்பளமில்லாத பயிலுநர் காலம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் லண்டன் முயற்சி இடையில் நின்றுபோனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். அட்டன் தொழில் நியாயசபையில் தமிழில் வாதாட ஆளும் கிடைக்கும், அது எங்கள் சுயநலம்.

அடுத்த கருத்தரங்குக்கு முன் மூன்று விவரங்களைத் தாருங்கள். உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் எஸ்.கியூ.இ. சித்தியடைந்தார்கள்? எத்தனை பேர் விசாவோடு வேலையில் இருக்கிறார்கள்? அவர்களின் முதல் சம்பளம் என்ன? பெயர்கள் வேண்டாம், தொகை போதும். ஒருவரும் இல்லையென்றால் ஒருவரும் இல்லை என்றே போடுங்கள், ஆறு கோடியை எழுதிய அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
அட்டனிலிருந்து ஒரு சட்டத்தரணி