கைப்பேசி இருந்திருந்தாலும் பிரிந்திருப்பார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'டியூன் இன் ஃபார் லவ்' என்ற கொரியப் படத்தைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அந்தக் காலத்தில் கைப்பேசி இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது என்று முடிகிறது. பாதிப் படத்துக்குத்தான் அது பொருந்தும். கட்டுரையே கதையைச் சொல்லிவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை.

ஜங் ஜி-வூ இயக்கி 2019-ல் வெளிவந்த இந்தப் படம் 1994, 1997, 2000, 2005 என்று தாவித் தாவிப் போகிறது. நாயகி மி-சுவும் நாயகன் ஹியோன்-வூவும் ஒவ்வொரு முறை பிரியும்போதும் காரணம் வேறு. எல்லாவற்றையும் விதியின் தலையில் கட்டுவது சரியில்லை.

முதல் காட்சியில், மி-சு வேலை செய்யும் பேக்கரிக்குள் வரும் ஹியோன்-வூ டோஃபு கேட்கிறான். பன்னும் கேக்கும் விற்கிற கடையில் சோயாக் கட்டியா என்று நம்மூரில் சிரிக்கிறார்கள். கொரியாவில் சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு வெள்ளை டோஃபு சாப்பிடக் கொடுப்பது வழக்கம். இனி கறை படாமல் வாழ வேண்டும் என்று அர்த்தம். அவன் சிறார் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்தவன் என்பது கொரிய ரசிகர்களுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே விளங்கிவிடும். அதைத் தவறவிட்டால் பிற்பாதியில் அவன் ஏன் வாயே திறப்பதில்லை என்பது பிடிபடாது.

1997-ல் மூடிவிட்ட பேக்கரியின் முன்னால் சந்திக்கிறார்கள். கொரியா ஐஎம்எஃப் என்ற சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குக் கையேந்திய வருஷம் அது. சின்னச் சின்னக் கடைகள் பல அப்போது மூடப்பட்டன. மறுநாள் அவன் ராணுவத்துக்குப் போக வேண்டும். கட்டாய ராணுவ சேவை அன்று 26 மாதம். அவனுக்காக மி-சு ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்குகிறாள், ஆனால் கடவுச்சொல்லைச் சொல்ல மறந்துவிடுகிறாள். மறந்தால் கைப்பேசிக்கு ஓடிபி வரும் காலம் அல்ல அது. அவள் எழுதுவதெல்லாம் அவனால் திறக்க முடியாத பெட்டியில் போய் விழுகிறது. அப்போது கொரியாவில் எல்லோர் இடுப்பிலும் பேஜர்தான். அதில் எண் மட்டும்தான் தெரியும். 8282 என்று வந்தால் 'சீக்கிரம்' என்று அர்த்தம். பார்த்தவர் போன் பூத்தைத் தேடி ஓட வேண்டும். இரவு கால் கட்டணத்துக்காக எஸ்டிடி பூத் வாசலில் காத்து நின்ற சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் உண்டு. படத்தில் வானொலி அறிவிப்பாளராக வரும் யூ யோல், கதைக்காக உருவாக்கிய பாத்திரம் அல்ல, நிஜமான பாடகர். அவருடைய 'இசை ஆல்பம்' கேபிஎஸ் வானொலியில் 1994 அக்டோபர் 1 அன்று தொடங்கிய காலை நிகழ்ச்சி. படமும் அதே நாளில்தான் தொடங்குகிறது. கொரிய மொழியில் படத்தின் பெயரே அந்த நிகழ்ச்சியின் பெயர்தான். கதைக்கு வானொலி ஏன் தேவைப்படுகிறது? மற்ற எதற்கும் முகவரி வேண்டும், எண் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். வானொலிக்கு எதுவும் வேண்டாம். நேயர் எழுதியதை அறிவிப்பாளர் வாசித்தால் ஆள் எங்கே இருந்தாலும் காதில் விழும். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும், அதுதான் சிக்கல்.

2005-க்கு வருவோம். இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, அப்படியும் பிரிகிறார்கள். பள்ளி நாட்களில் ஒரு நண்பன் இறந்ததையும் அதன் பிறகு நடந்ததையும் அவன் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது அடுத்தவர் வாயால் தெரியவருகிறது. இதற்கு எந்தக் கருவி உதவும்? 1997-ல் வந்த பிரிவுக்கு வசதியில்லாத காலத்தைச் சொல்லலாம். இதற்கு அவனுடைய வெட்கத்தைத்தான் சொல்ல வேண்டும். (ஏற்காடு மலைப்பாதையில் சில கொண்டை ஊசி வளைவுகளில் இன்றைக்கும் சிக்னல் போய்விடுகிறது, அதனால் இங்கே யாரும் பிரிந்ததாகத் தெரியவில்லை.)

குறை சொல்வதானால், தற்செயல் சந்திப்புகள் அதிகம்தான். அன்று சுமார் ஒரு கோடிப் பேர் வாழ்ந்த சியோலில் இவர்கள் மட்டும் மாறி மாறி எதிர்ப்படுகிறார்கள். கிம் கோ-உன், ஜங் ஹே-இன் இருவரின் நடிப்புக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இங்குள்ள கல்லூரிகளில் இப்படத்தைத் திரையிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் 122 நிமிடம். டப்பிங் வேண்டாம், கொரிய ஒலியும் வசனவரியும் போதும். பல காட்சிகளில் வானொலிக் குரல் பின்னணியில் மெல்லத்தான் ஒலிக்கும், எதிரொலிக்கும் கலையரங்கில் அதுதான் முதலில் தொலையும். அதனால் சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஒலிபெருக்கிகளைப் பார்வையாளர்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். வசனவரி திரையின் அடியில் வருவதால், திரையை முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டுங்கள். இடைவேளை விட்டே ஆக வேண்டும் என்றால் 1997 முடிந்து 2000 தொடங்கும் இடத்தில் விடுங்கள். காட்சி நடுவில் நிறுத்தினால், திரும்பி வருபவர்கள் எந்த வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கொரியப் பட ரசிகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.