ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார், பிள்ளைகளோடு பேசுகிறார். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த தம்பிகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, வசூல் செய்து கொடுத்த பவர்டேபிள் தையல்காரர்கள், முகம் தெரியாமலே ஜிபேயில் பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டை நகலெடுக்கக் கொடுத்தேன். "காப்பீட்டு அட்டை இருக்காம்மா?" என்றார். இல்லை என்றதும் வீணான தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, முதலில் வருமானச் சான்று, அப்புறம் கலெக்டர் ஆபீஸில் பதிவு, எங்கே எதைக் காட்ட வேண்டும் என்று வரிசையாக எழுதினார். நான் விழிப்பதைப் பார்த்து, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, என் தம்பியை டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். நகலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது அவரால்தான்.

அண்ணா, சாகும்வரை உங்களை மறக்க மாட்டேன். ஆனால் இப்போது 5 லட்சம் வரை செலவை ஏற்கும் அந்தத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. எங்களுக்கு உரியதை எங்களிடம் சொல்ல, எதிரே ஒரு நல்லவர் கடை போட்டிருக்க வேண்டியிருந்ததே! குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 தாண்டினால் அதுவும் கிடையாது. மாதம் 10,000. இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிற வீடு தாண்டிவிடும். அவர்களுக்கு வசூல்தான் கதி.

நீங்கள் அனுப்பிய பணம் வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் போனது. என் வீட்டுக்காரருக்குப் பீஸ் ரேட் வேலை, தைத்த உருப்படிக்குத்தான் கூலி. கான்ட்ராக்டர் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பணம், பிடிக்கவில்லை. ஒழுங்காகப் பிடித்துக் கட்டியிருந்தால், படுத்திருக்கும் நாட்களுக்கு, வருடத்தில் 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் வந்திருக்கும். உங்களில் பலரும் அதே பீஸ் ரேட்டில் தைப்பவர்கள். உங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள் என்பது மனதை அறுக்கிறது.

எங்கள் கதையைப் பகிர்ந்து 'மனிதநேயம் சாகவில்லை' என்று எழுதுகிறீர்கள். சத்தியமான வார்த்தை. கூடவே இந்த ஈஎஸ்ஐ கதையையும் எழுதுங்கள்.

அவர் தேறியதும் ஈஎஸ்ஐ எண் கையில் வந்த பிறகுதான் மெஷினில் உட்காருவார், இது நாங்கள் இருவரும் எடுத்த முடிவு. எங்கள் லைன் வீடுகளில் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கார்டோடு வாருங்கள். என்னென்ன வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.