தாமான் கழன்ற பாய்

போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்து
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லாரும் நலம். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா? இங்கே நாலரை மணிக்கெல்லாம் விளக்குப் போட்டாக வேண்டும். ஆனாலும் இது கடலை நம்பி வளர்ந்த ஊர், அதனால் மனசு ஒட்டுகிறது.

பக்கத்து வீட்டுத் தாத்தா கடற்படையில் இருந்தவர். நான் டூட்டி முடிந்து வரும்போது வாசலில் நின்றால், ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வார். குளிர் கடுமையானால், பித்தளைக் குரங்கின் குண்டுகூட உறைந்து விழும் என்று இவர்கள் கொச்சையாக ஒன்று சொல்வார்கள். பழைய போர்க்கப்பலில் பீரங்கிக் குண்டுகளை அடுக்கி வைக்கும் பித்தளைத் தட்டுக்குப் பெயர் குரங்காம். குளிரில் பித்தளை சுருங்க, இரும்புக் குண்டுகள் உருண்டு விழுமாம். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு பிள்ளைகளோடு விக்டரி கப்பலைப் பார்க்கப் போனேன். 1805 டிராபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்ட கப்பல் அது. 1922 முதல் இங்கே உலர்துறையில் நிற்கிறது. அங்கே குண்டுகள் மரப்பலகையில் குடைந்த குழிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்தன, பணியாரச் சட்டியில் மாவு இருப்பதுபோல. ஆடுகிற கப்பலில் குண்டைக் கோபுரமாக அடுக்கினால் குளிர் வரும்வரை அது காத்திருக்குமா? நீங்கள் பார்த்த உடனே இதைத்தான் கேட்டிருப்பீர்கள். கணக்கும் அந்தக் கதைக்கு இடம் தரவில்லை. முப்பது டிகிரி குளிர்ந்தாலும், ஒரு மீட்டர் நீளத்துக்குப் பித்தளை இரும்பைவிடச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் அதிகமாகச் சுருங்கும்.

பகட்டானதைப் 'போஷ்' என்கிறார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. இந்தியா போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று வெயில் படாத அறை கேட்ட பணக்காரர்களின் டிக்கெட்டில் போட்ட 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாம். அப்படி ஒரு டிக்கெட் இதுவரை யார் கையிலும் கிடைத்ததில்லை. சின்னவள் பள்ளியில் படித்துவந்த ஆறு பென்ஸ் பாட்டு, கறுப்புத்தாடி என்ற கடற்கொள்ளையன் ஆள் சேர்க்கப் பாடிய ரகசியப் பாட்டு என்பதும் அண்மையில் யாரோ கட்டிவிட்டதுதான்.

ஆனால் ஒன்று உண்மை அப்பா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நன்றாகக் குடித்துத் தள்ளாடுகிறவனை 'மூன்று ஷீட்டும் காற்றில்' என்பார்கள். ஷீட் என்றால் பாய் என்று நினைத்தேன். தாத்தா சிரித்துவிட்டு, பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு என்றார். நம்ம தாமான்தான்! எஞ்சின் வருவதற்கு முன்னால், தாமான் கைநழுவியதும் பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, வள்ளம் போக்கில்லாமல் ஆடியதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! ஒரு கயிறு கழன்றதற்கே அந்தப் பாடு; மூன்றும் கழன்றால்? தாமான் என்று தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

எதிரே இருக்கும் வைட் தீவுக்கு ஓடும் வேகப் படகை எல்லாரும் கேட்டமரான் என்கிறார்கள். அது நம் கட்டுமரம் என்று சொன்னதும் தாத்தா நம்பவில்லை. அகராதியை எடுத்துக் காட்டினேன், 'தமிழ்' என்று போட்டிருந்தது. டாம்பியர் என்ற மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் இந்தப் படகில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. இரண்டு உலோக உடல்கள்தான். ஏறும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். பாயில் இருக்கும் ஒவ்வொரு கயிற்றுக்கும் முடிச்சுக்கும் என்ன பெயர், எதற்கு இழுப்பது என்று தம்பியின் போனில் பேசி அனுப்புங்கள். பாயின் இன்னொரு கயிறான கோசுக்கும் தாமானுக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், தை மாதம் வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்