மருத்துவ நூலுக்கும் காலாவதி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வாங்கியதும் பின்பக்கம் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். அதே மாத்திரையை யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்று சொல்லும் புத்தகத்துக்கு மட்டும் தேதி பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தருமபுரிக்கு 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவ மாணவர்கள், செவிலியர் பயிற்சிப் பள்ளி மாணவிகள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் என்று மருத்துவ நூல் தேவைப்படுவோர் இரு மாவட்டங்களிலும் பெருகிவிட்டார்கள். அவர்கள் கைக்கு எந்த நூல் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வயது. 2005-க்கு முந்தைய செவிலிய நூலில், இதயம் நின்றவருக்குச் செய்யும் இதய மீட்பு சிகிச்சை 15 மார்பு அழுத்தம், 2 மூச்சு என்று இருக்கும். 2005-இல் அது 30-க்கு 2 ஆனது. 2010-இல் வரிசையே மாறி, மூச்சுப் பாதையைத் திறப்பதற்கு முன்னால் மார்பு அழுத்தம் தொடங்க வேண்டும் என்றானது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத தாய்க்கு மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது 2017-இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாக உறுதிப்பட்டது. அதற்கு முன் அச்சான மகப்பேறு நூலில் அதைத் தேடினால் கிடைக்காது. பாம்புக்கடி மருந்துக்கு முன் தோலில் 'டெஸ்ட் டோஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லும் பழைய நூல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்தச் சோதனையால் ஒவ்வாமையை முன்கூட்டி அறிய முடியாது, நேரம்தான் வீணாகும் என்பதால் தேசிய நெறிமுறை அதைக் கைவிட்டுவிட்டது.

வயதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். 'மறுஅச்சு 2023' என்று இருந்தால் ஏமாந்துவிடக் கூடாது. அது தாளின் வயது, உள்ளடக்கத்தின் வயது அல்ல. 'பதிப்பு' என்ற சொல்லுக்கு எதிரே உள்ள ஆண்டுதான் கணக்கு. பக்கம் கிழிந்திருந்தால் பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பாருங்கள். 2007 முதல் அது 13 இலக்கம். 10 இலக்க எண் மட்டும் இருந்தால் அந்தப் பதிப்பு அதற்கு முந்தையது. உடற்கூறு நூல் பழையதானால் பெரிய கேடில்லை, எலும்புகள் மாறுவதில்லை. மருந்தியல், மகப்பேறு, அவசர சிகிச்சை, தொற்றுநோய் ஆகிய நான்கிலும் பழைய பதிப்பைத் திறந்த அலமாரியில் வைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வயதைவிடப் பெரிய சிக்கல் ஊர். வெளிநாட்டில் அந்நாட்டு வார்டுக்காக எழுதிய நூல் எவ்வளவு உயர்ந்ததானாலும், நம் வார்டில் சில பக்கங்கள் தடம் மாற்றிவிடும். இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். மேலை நாட்டு நூல்கள் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்ற கணக்கில் பேசுகின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் புழங்கும் இன்சுலின் புட்டியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது. ஏன் இறங்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். தவறு இன்னொரு தவறின் மேல் ஏறும். மாறாக, பேனா இன்சுலின் குப்பியிலிருந்து (அது மில்லிக்கு 100) சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி வியர்த்துக் கொட்டி மயங்கிவிடுவார். இந்த இரண்டு மூடிகளின் படமும் இல்லாத செவிலிய நூல் நம் ஊருக்கு முழுமையான நூல் அல்ல.

டிரிப் கணக்கும் அப்படித்தான். 500 மில்லி குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 சொட்டு செட்டை வைத்து எழுதிய நூலைப் பார்த்து 31 சொட்டு வைத்தால் பாட்டில் முடிய 5 மணி 20 நிமிடம் ஆகும். செட்டின் உறை மேல் சொட்டு எண் அச்சிட்டிருக்கும், அதைப் படிக்கச் சொல்லும் நூலே நல்ல நூல். ரத்தச் சர்க்கரை 10 என்று பிரிட்டன் நூலில் கண்டால் (அங்கே கணக்கு மில்லிமோலில்) அதை 18-ஆல் பெருக்கி, நம் மில்லிகிராம் கணக்கில் 180 என்று கொள்ள வேண்டும். அமெரிக்க நூலில் வரும் அசிட்டமினோபென் நம் பாரசிட்டமால், எபிநெஃப்ரின் நம் அட்ரினலின், ஆல்பியூட்டரால் நம் சால்பியூட்டமால். ராத்திரி டூட்டியில் தேடுபவருக்குப் பெயர் தெரியாவிட்டால் பக்கம் கிடைக்காது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் நேர்த்தலைகீழ். அமெரிக்கச் சமுதாய சுகாதார நூல், பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் ஃபுளோரைடு சேர்ப்பதை விவரிக்கும். இங்கே நிலத்தடி நீரில் ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்தியத் தரநிர்ணயப்படி விரும்பத்தக்க அளவு 1.0, வேறு நீர் இல்லாத இடத்தில் பொறுக்கத்தக்க உச்ச அளவு 1.5. ஃபுளோரைடு மிகுதியால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த குழந்தையைப் பார்த்து ஃபுளோரைடு குறைவு என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்?

பாம்புக்கடி அத்தியாயத்திலும் அப்படியே. அந்த நூல்களில் இருப்பவை அந்நாட்டுப் பாம்புகள். பென்னாகரத்திலும் அரூரிலும் அஞ்செட்டியிலும் கடிப்பவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பர் முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யக்கூடிய 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குத் தேவைப்படுவது ஒரு கண்ணாடிக் குழாய்தான். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அப்போதே எடுத்த 2 மில்லி ரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிற்க வைத்து, ஒரே ஒருமுறை சாய்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் உறையவில்லை, கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். எங்கே பிழைக்கிறது தெரியுமா? பிளாஸ்டிக் குழாயில் செய்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கக்கூடும், ஏனெனில் உறைதலைத் தூண்டுவதே கண்ணாடிப் பரப்பு. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அதே கதி. பத்தாவது நிமிடத்தில் பொறுமையிழந்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெடும். 'ரத்தம் உறையும் நேரம் பார்க்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் கைடுகளை வைத்துக்கொண்டு இதைக் கற்க முடியாது.

கைடு என்றதும் நகல் கடைகளைச் சொல்லாமல் முடியாது. விலை ஆயிரக்கணக்கில் என்பதால் மாணவிகள் நகல் எடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நகலின் நகலில் முதலில் காணாமல் போவது தசமப்புள்ளி. முன்னால் பூஜ்யம் இல்லாமல் '.5 மி.கி.' என்று அச்சிட்ட அளவு, புள்ளி மங்கியதும் 5 மி.கி. ஆகிவிடும், பத்து மடங்கு. யூனிட் என்பதற்கு ஆங்கில முதலெழுத்தை மட்டும் எண்ணோடு ஒட்டிப் போட்டால் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகும். நகலிலிருந்து படிப்பவர்கள் அளவுகளை மட்டுமாவது மூல நூலோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்திக்கொள்ள வேண்டும். தெற்காசியப் பதிப்பு என்று வரும் நூல்கள் மூலப் பதிப்பைவிட மலிவானவை. அவற்றில் பலவற்றில் நம் நாட்டு மருந்துப் பெயர்களும் அளவுகளும் உண்டு. நூலகங்கள் அவற்றையே முதலில் வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் நூலைச் சோதிக்க ஒரு பக்கம் போதும். மகப்பேறு நூலில், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தால் வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் கொடுக்கும் பக்கத்தைத் திருப்புங்கள். '14 கிராம்' என்று மட்டும் இருந்தால் மூடிவிடலாம். நல்ல நூலில் இப்படி இருக்கும்: 50 சதவீத ஆம்பூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) 2 மில்லியில் 1 கிராம். 4 ஆம்பூலின் 8 மில்லியோடு 12 மில்லி ஊசித் தண்ணீர் சேர்த்து 20 மில்லியாக்கி, ரத்தக்குழாய் வழியே மெதுவாக. பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 ஆம்பூல், அதாவது 10 மில்லி, ஆழமாகத் தசையில். நான்கு மணி நேரம் கழித்து 5 கிராம் போடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் தட்டினால் துடிக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்ததா. சிறுநீர் குறைந்தால் மருந்து உடலில் தேங்கும். முதலில் முழங்கால் துடிப்பு போகும், அடுத்து மூச்சு நிற்கும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை ஆம்பூல், போடும் முன் என்ன பார்ப்பது, கெட்டால் என்ன செய்வது ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் சொல்லும் நூலுக்குத் தயங்காமல் பணம் கொடுக்கலாம்.

இனி தமிழ். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். நம் பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் வார்டில் நின்று கேட்க வேண்டிய சொற்கள் சில உண்டு. நூலில் 'சிரை' என்றால் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய், 'நரம்பு' என்றால் உணர்வைக் கடத்துவது. நம் ஊரில் சிரை வழியே போடும் ஊசிக்குப் பெயர் நரம்பு ஊசி! 'நரம்பில் போடக்கூடாது' என்று நூல் எழுதினால் ஊர்ச்சொல்லில் பழகியவர் எதைப் புரிந்துகொள்வார்? இப்படிப்பட்ட இடங்களில் நூற்சொல்லையும் ஊர்ச்சொல்லையும் சேர்த்தே அச்சிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்களுக்குத் தேவை தடித்த நூல் அல்ல, இத்தகைய தெளிவுள்ள நாற்பது பக்கத் தமிழ்க் கையேடு.

ஆய்வு முறை நூல்களைப் பற்றியும் ஒரு குறை. ஆய்வேடு எழுதும் மாணவிகள் பழைய ஆய்வேட்டைப் பார்த்து '60 பேர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் பல் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பல்கறை) சுமார் 30 சதவீதம் இருக்கும் என்று கருதி, 5 சதவீதப் பிசகுக்குள் அறிய வேண்டுமானால் 4-ஐ 30-ஆலும் 70-ஆலும் பெருக்கி 25-ஆல் வகுக்க வேண்டும்: 336 குழந்தைகள். 60 பேரை வைத்தால் பிசகு இருபுறமும் 12 சதவீதம் வரை போகும், 18-உம் 42-உம் ஒன்றாகிவிடும். கிணற்றுக்குக் கிணறு ஃபுளோரைடு மாறுவதால் ஒரே ஊர்க் குழந்தைகள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்தால் அந்த எண்ணை இரட்டிப்பாக்குவது வழக்கம். இதைக் கணக்கோடு சொல்லித்தரும் ஒரு புள்ளியியல் நூலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை வழிகாட்டியும் ஒவ்வொரு செவிலியர் கல்லூரியிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஆய்வுக்குச் சம்மதம் என்று கைநாட்டு வாங்கும்போது ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாமல் போகிறது.

எங்கள் கோரிக்கை இதுதான். சொத்து வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். இரு மாவட்ட மைய நூலகங்களிலும் நடப்புப் பதிப்புகள் மட்டும் கொண்ட ஒரு மருத்துவ அலமாரி வேண்டும். பழையவற்றை எரிக்க வேண்டாம், 'பழைய பதிப்பு: அளவுகளைப் பின்பற்ற வேண்டாம்' என்று முத்திரையிட்டுத் தனியே வைத்தால் போதும். புத்தகத் திருவிழாவில் நூலகங்களுக்கு நூல் வாங்கித் தரும் நல்ல உள்ளங்கள் ஐந்து கைடுகளுக்குப் பதிலாக ஒரு மருந்தியல் நூலின் புதிய பதிப்பைத் தரலாம். காசில்லாத இடங்களுக்கும் வழி உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாக இறக்கி, வணிக நோக்கமின்றி அச்சிட்டு ஸ்பைரல் போட்டு வைக்க அனுமதி இருக்கிறது. அப்படி அச்சிட்டதும் முதல் பக்கத்தில் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செவிலியப் பயிற்சியிலும் மருத்துவ நூலகப் பணியிலும் உள்ள சிலர்,
தருமபுரி.