ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வட்டார மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தியாவில் கொசு பரப்பும் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், நம் வேலூர்ப் பக்கத்தில். கிருமி தொற்றுகிற சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கிறது. பாதித்துவிட்டாலோ கிருமியைக் கொல்ல மருந்தில்லை; பத்தில் மூவர் வரை இறந்துபோகிறார்கள், பிழைப்பவர்களிலும் பலருக்கு வலிப்போ கைகால் முடக்கமோ நிற்கிறது. அதனால் வேலையெல்லாம் காய்ச்சல் வருமுன்பே.

முதல் நன்றி பன்றி வளர்க்கும் அண்ணன்மாருக்கு. மனித ரத்தத்தில் இந்தக் கிருமி கொசுவுக்குத் தொற்றுமளவு பெருகாது. பன்றியிலும் கொக்கு வகைப் பறவைகளிலும்தான் பெருகும். சினைப் பன்றிக்குக் கரு கலைவது தவிர, பன்றியிடம் நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது. நன்றாக மேய்கிற பன்றியால் ஆபத்து என்றால் நம்புவது லேசா? நம்பினீர்கள், பட்டியை வீடுகளிலிருந்து தள்ளிப் போட்டு, பொழுது சாயும்போது வலையும் கட்டினீர்கள்.

அடுத்து நெல் விவசாயிகள். இதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு வளர்வது தேங்காய்ச் சிரட்டையில் அல்ல, நட்ட வயலில் தேங்கும் நீரில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வயல் காய்ந்தால் புழு செத்துவிடும். நீர்மட்டம் பார்க்க வயலில் குழாய் புதைத்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மறுபடி 5 செ.மீ. கட்டி, காயவிடுவதும் பாய்ச்சுவதுமாகவே பயிரை நடத்தினீர்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் கொசு அவர் வீட்டுக்கும் வரும். மடையிலுள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் பெரிய காரியம். (புகை அடித்தால்தான் ஊரில் வேலை நடந்ததாக எண்ணம். வயல்வெளியில் தங்கும் கொசுவுக்கு அது அவ்வளவாக எட்டாது.)

கரைக்கும் நீர் கலந்த தடுப்பூசிக் குப்பியைக் குறித்த நேரத்துக்குமேல் வைத்திராத கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைத்த தாய்மாருக்கும் நன்றி. முதல் சில நாள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது) தென்படாமல் போகலாம் என்பதால் முதுகுத்தண்டு நீர் எடுக்கச் சம்மதித்த பெற்றோருக்குத் தனி நன்றி.

9 மாதத்தில் முதல் தவணை போட்ட குழந்தைகளுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது உண்டு. அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

வட்டார சுகாதாரக் குழுவினர்